‘அங்க போய்ப் பாரும்மா’: கல்லூரி ஊழியர்களுக்காக ஒரு எபிசோட்

(பேசியதைக் கொஞ்சம் சீர்படுத்தி, ‘ம்ம்’, ‘அதாவது’ எல்லாம் குறைத்து எழுதியிருக்கிறேன்.)

இந்த எபிசோட் வழக்கம்போல கோடிங், இன்டர்வியூ பற்றியது இல்லை. பெரம்பலூர் பக்கத்துல ஒரு கலைக் கல்லூரியில வேலை பார்க்கிற பேராசிரியை ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தாங்க. “தம்பி, பசங்களுக்கு நிறைய சொல்றீங்க, எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்க. செகண்ட் இயர் பொண்ணு ஒண்ணு ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு அழுதுது. உட்கார வச்சுத் தண்ணி கொடுத்தேன். ‘எல்லாம் சரியாகிடும், படிப்புல கவனம் வை’ன்னு சொன்னேன். அதுக்கு மேல யார்கிட்ட அனுப்பணும்னே எனக்குத் தெரியல. இப்ப ஒரு வாரமா அது காலேஜுக்கு வரல.”

இந்த மெயிலை நாலஞ்சு தடவை படிச்சேன். இவங்க மேல தப்பு சொல்ல ஒண்ணும் இல்லைங்க. நெட், செட் எழுதி, முனைவர் பட்டம் வாங்கி ஒருத்தர் கல்லூரி ஆசிரியர் ஆகிறார். அந்தப் பாதையில எந்த இடத்துலயும், அழுதுகிட்டு நிக்கிற பத்தொன்பது வயசுப் பிள்ளைகிட்ட என்ன கேட்கணும்னு யாரும் சொல்லிக் கொடுக்கிறது இல்லை. அட்டெண்டர், ஆபீஸ் கிளார்க், ஹாஸ்டல் வார்டன் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் மனநல மருத்துவர் கிடையாது. இன்ஜினியரிங் படிச்சவன், சாஃப்ட்வேர் வேலை. ஆனா ஒரு பிரச்சினை சரியான ஆள்கிட்ட போய்ச் சேராம டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டா சுத்தினா என்ன ஆகும்னு என் வேலையில தினமும் பார்க்கிறேன். கஸ்டமர் ஒரு டிக்கெட் போடுவார். ‘இது எங்க டீம் இல்லை’ன்னு அடுத்த டீமுக்குத் தள்ளுவாங்க. நாலாவது டீம் வரும்போது கஸ்டமர் பதில் சொல்றதையே நிறுத்திடுவார். அப்புறம் ‘பதில் வரவில்லை’ன்னு சொல்லி டிக்கெட்டை மூடிடுவாங்க. கணக்குல அது தீர்ந்த பிரச்சினை. கல்லூரியில இதுக்குப் பேர் ‘லாங் ஆப்சென்ட்’.

நம்ம ஊர்ல இதைப் பற்றிப் பேசும்போது அனிதாவைத் தாண்டிப் போக முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூர். மூட்டை தூக்கிச் சம்பாதிச்ச அப்பாவோட பொண்ணு. பிளஸ் டூவுல 1200க்கு 1176. நீட் விவகாரத்துல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2017 செப்டம்பர் 1 அன்னிக்கு உயிரை மாய்ச்சுக்கிட்டாங்க. அந்த நாள்ல எங்க இருந்தீங்கன்னு கேட்டா, என் வயசுல இருக்கிற அரியலூர், பெரம்பலூர்க்காரங்க எல்லாரும் சொல்லுவாங்க. 2022 ஜனவரியில அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க, அங்க இருக்கிற அரங்கத்துக்கு அனிதா பேரைத்தான் வச்சிருக்காங்க. நீட் வேணுமா வேண்டாமாங்கிற விவாதத்துக்குள்ள இன்னிக்கு நான் போகல. ஒரு உயிர் போறதுக்கு ஒரே காரணம் இருக்கிறது இல்லைன்னு இந்தத் துறையில வேலை செய்றவங்க திரும்பத் திரும்பச் சொல்றாங்க, அதையும் மனசுல வச்சுக்குவோம்.

நான் கவனிக்கச் சொல்றது அதுக்கப்புறம் நடந்த ஒண்ணை. அனிதாவுக்கு அப்புறமும், 2021 வரைக்கும், இதே மாவட்டத்துல பிள்ளைகளை இழந்தோம். 2021 செப்டம்பர்ல தமிழக அரசு ஒரு வேலை செஞ்சுது. நீட் எழுதின ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு 104 சேவை மூலமா ஆலோசகர்களே போன் பண்ணிப் பேசுற ஏற்பாடு. ‘கஷ்டமா இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடு’ன்னு போஸ்டர் ஒட்டுறதோட நிக்கல. அவங்களே கூப்பிட்டாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கு. மனசு உடைஞ்சு கிடக்கிறவனுக்குப் போன் எடுத்து நம்பர் போடுறதே மலையைத் தூக்குற மாதிரி. அந்த மலையில பாதியை வேற யாராவது தூக்கணும். கல்லூரி ஊழியர்களோட வேலை அந்தப் பாதிதான்னு நான் நினைக்கிறேன்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. 2025 ஜூலை 25ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துது. விசாகப்பட்டினத்துல நீட் பயிற்சிக்காகத் தங்கியிருந்த மேற்கு வங்காளத்து மாணவி ஒருத்தரோட மரணம் தொடர்பா அவங்க அப்பா தொடர்ந்த வழக்கு. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா. அதுல நாட்டுல இருக்கிற எல்லாக் கல்வி நிறுவனத்துக்கும் பதினஞ்சு வழிகாட்டுதல்கள் சொன்னாங்க. நூறு மாணவர்களோ அதுக்கு மேலயோ இருந்தா, தகுதியுள்ள ஆலோசகர் ஒருத்தராவது இருக்கணும். அதுக்குக் கீழே இருந்தா வெளியில ஒரு மனநல நிபுணரோட முறையான தொடர்பு வச்சுக்கணும். ஹெல்ப்லைன் எண்கள் ஹாஸ்டல், வகுப்பறை, பொது இடங்கள்ல பெருசா தெரியணும். இதெல்லாம் செய்தியில வந்துது. அதிகம் பேசப்படாத ஒண்ணு இருக்கு. ஆசிரியர்கள் மட்டுமில்ல, ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பயிற்சி கொடுக்கணும்: அறிகுறிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறது, முதல்ல என்ன பேசுறது, யார்கிட்ட அனுப்புறது.

‘ஆசிரியர் அல்லாதவர்கள்’ங்கிற அந்த வார்த்தையை யார் போட்டாங்களோ, அவங்களுக்கு ஒரு கும்பிடு. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பாதிப் பசங்க டே ஸ்காலர்ஸ். வேப்பூர், குன்னம், செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம்னு ஒவ்வொரு பக்கத்துல இருந்தும் காலேஜ் பஸ்லயோ டவுன் பஸ்லயோ வர்றாங்க. ஒரு பையன் நாலு நாளா ஸ்டாப்பிங்ல நிக்கலன்னா அது ஹெச்ஓடிக்குத் தெரியாது, பஸ் டிரைவர் அண்ணனுக்குத் தெரியும். ஒரு பொண்ணு சாப்பாட்டைத் தொடாம தட்டைக் கழுவி வைக்கிறது மெஸ் அக்காவுக்குத் தெரியும். ஃபீஸ் கட்டாத லிஸ்ட் ஆபீஸ் கிளார்க் மேஜையில இருக்கு. அவங்களுக்குத் தெரிஞ்சது எங்கயும் போய்ச் சேராது, ஏன்னா அவங்களை யாரும் கேட்டதே இல்லை.

நிறையக் கல்லூரியில மென்டர் முறை இருக்கேன்னு நீங்க கேட்பீங்க. இருக்கு. நாக் கமிட்டி வரும்போது மென்டருக்கு எத்தனை மாணவர்னு கணக்கு கேட்பாங்க, அதனால எல்லா இடத்துலயும் ஒரு நோட்டு இருக்கு. நான் படிச்ச இடத்துலயும் இருந்துது. செமஸ்டர் முடியும்போது மொத்தமா கொடுத்து, ‘நோ இஷ்யூஸ்’னு நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அந்த செமஸ்டர்தான் எங்க கிளாஸ்ல ஒருத்தன் படிப்பை விட்டான்.

அவன் கதையைச் சொன்னாத்தான் அடுத்த விஷயம் புரியும். நல்லாப் படிக்கிறவன், திடீர்னு கடைசி பெஞ்சுக்குப் போனான். யார்கிட்டயும் பேசல. எங்க லெக்சரர் ஒருத்தர் நல்ல மனசோட அவனைக் கூப்பிட்டு தன்னம்பிக்கை பற்றி அரை மணி நேரம் பேசினார். உண்மையில அவனுக்கு என்ன பிரச்சினைன்னா, ஸ்காலர்ஷிப் பணம் வரல. பேங்க் கணக்குல ஆதார் சீடிங் ஆகல. ஃபீஸ் கட்டலன்னு ஹால் டிக்கெட்டை நிறுத்தி வச்சிருந்தாங்க. ஆபீஸ்ல கேட்டா ‘பேங்க்ல கேளு’, பேங்க்ல கேட்டா ‘காலேஜ்ல கேளு’. அப்பா அந்த வருஷம் சின்ன வெங்காயம் போட்டு விலை இல்லாம உட்கார்ந்திருந்தார். அவர்கிட்ட கேட்க அவனுக்கு வாய் வரல. ஒரு போன் கால்ல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

அதனால சொல்றேன், நம்ம பக்கம் மனப் பிரச்சினை மாதிரி வர்றதுல பாதிக்குக் கீழே பணம் இருக்கும். பணப் பிரச்சினை மாதிரி வர்றதுலயும் சில சமயம் மனசு இருக்கும். முதல் கேள்வி ‘ஏன் அழுற?’ன்னு இருக்க வேண்டாம். ‘இன்னிக்கு, இப்ப, உனக்கு எது ரொம்ப நெருக்குது?’ன்னு கேளுங்க. ஃபீஸ்னு சொன்னா அது ஆபீஸ் சமாச்சாரம். அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், 2022ல இருந்து வருது. பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல தொடங்கினாங்க. அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களையும் இப்ப சேர்த்திருக்காங்க. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கு. எல்லாத்துக்கும் யூமிஸ் எண், ஆதார் இணைப்பு, உயிரோட இருக்கிற ஒரு பேங்க் கணக்கு, இந்த மூணும் சரியா இருக்கணும். எங்க தடுக்குதுன்னு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவர் பத்து நிமிஷத்துல பார்த்துச் சொல்லிடலாம். அந்தப் பத்து நிமிஷத்தை மதிச்சு, இதுக்குன்னு ஒருத்தரைப் போடுங்கன்னுதான் பிரின்சிபல்கள்கிட்ட என் வேண்டுகோள்.

லோன் ஆப் பற்றித் தனியா ஒரு எபிசோடே போட்டிருக்கேன். கடன் வாங்கின பையனோட போன்ல இருக்கிற நம்பர் எல்லாத்தையும் உருவிக்கிட்டு, போட்டோவை மார்ஃப் பண்ணி அனுப்புவோம்னு மிரட்டுறது. இதுக்கு அறிவுரை சொல்லி நேரத்தை வீணாக்காதீங்க. 1930, சைபர் குற்றத்துக்கான நம்பர். மெசேஜை அழிக்க விடாம ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்க. ராகிங்னா 1800-180-5522. பெண்களுக்கு எதிரான வன்முறைன்னா 181. பாலியல் தொல்லைன்னா கல்லூரிக்குள்ளயே உள்ளகப் புகார்க் குழு சட்டப்படி இருந்தாகணும். உங்க குழுவோட தலைவர் யாருன்னு இப்ப உங்களுக்குத் தெரியுமா? கூகுள் பண்ணாமச் சொல்லணும். இலவச சட்ட உதவி 15100. இன்னொண்ணு, முதல் வருஷம் சேர்றதுல நிறையப் பேருக்கு 17 வயசுதான். சட்டப்படி குழந்தை. 1098 அவங்களுக்கும் உண்டு.

இப்ப மனசு. 14416. டெலி மானஸ், தமிழ்நாட்டுல ‘நட்புடன் உங்களோடு’ன்னு பேர், 2022 அக்டோபர்ல வந்துது. இலவசம், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். 104லயும் பேசலாம். சென்னையில டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல தொடங்கின சினேகா அமைப்பு இருக்கு, 044-24640050. நேர்ல பார்க்கணும்னா, மாவட்ட மனநலத் திட்டம் மூலமா பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. அரியலூர்க்காரங்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திருச்சி போயே ஆகணும்னு இல்லை.

நம்பரைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுதான்னா, இல்லை. அந்தப் பொண்ணு எங்க இருந்து பேசும்? வீட்டுல ஒரே ரூம், தம்பி படிச்சுக்கிட்டு இருப்பான். ஹாஸ்டல்ல ஒரு அறைக்கு நாலு பேர். பஸ்ல வாயைத் திறக்க முடியாது. மூணரை மணிக்கு மேல உங்க டிபார்ட்மென்ட்ல ஒரு லேப் காலியாத்தானே இருக்கு? அந்தச் சாவிதான் நீங்க கொடுக்கக்கூடிய பெரிய உதவி. ‘இங்க உட்காரும்மா, நான் வெளியில இருக்கேன், யாரும் வர மாட்டாங்க. நம்பர் நான் போட்டுத் தரவா, நீயே போடுறியா?’ இதைச் சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம்.

ஆபீஸுக்கோ மருத்துவமனைக்கோ அனுப்பும்போதும் இப்படித்தான். ‘அங்க போய்ப் பாரும்மா’ன்னு கையைக் காட்டினா, அந்தப் பிள்ளை வராண்டா திரும்புற இடத்துலயே நின்னுடும். முதல்ல நீங்க போன் போட்டு, ‘ஒரு மாணவி வர்றாங்க, என்ன விஷயம்னு நான் கேட்டுட்டேன், திரும்ப எல்லார் முன்னாடியும் கேட்காதீங்க’ன்னு சொல்லிட்டு அனுப்புங்க. முடிஞ்சா கூட நடந்து போங்க. எங்க வேலையில ஒரு டிக்கெட்டை அடுத்தவர்கிட்ட கொடுக்கும்போது, அவர் ‘எடுத்துக்கிட்டேன்’னு சொல்ற வரைக்கும் அது நம்ம பேர்லதான் இருக்கும். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் எங்ககிட்ட இருந்து எடுத்துக்கலாம். மத்தபடி ஐடி கம்பெனியைப் பார்த்துக் கத்துக்க ஒண்ணும் பெருசா இல்லை.

தற்கொலை பற்றிக் கேட்கிறதுக்கு நம்ம எல்லாருக்கும் பயம். ‘நாமளே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடுமோ’ன்னு. ஆகாதுன்னு உலக சுகாதார நிறுவனமே தெளிவாச் சொல்லுது. நேராக் கேட்கலாம்: ‘உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?’ ஆமான்னு சொன்னா அந்த நிமிஷத்துல இருந்து அந்தப் பிள்ளையைத் தனியா விடக்கூடாது. 14416க்கு நீங்களே கூப்பிட்டு, என்ன செய்யணும்னு கேளுங்க. ஊழியர்களும் கூப்பிடலாம், பலருக்கு இது தெரியல. உடனடி ஆபத்துன்னா 108. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’னு சத்தியம் பண்ணிடாதீங்க. ‘உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லுவேன், வேற யாருக்கும் தெரியாது’ன்னு சொல்லுங்க. அந்த வாக்கைக் காப்பாத்துங்க. ஸ்டாஃப் ரூம்ல டீ குடிக்கும்போது அந்தக் கதை வெளியில வந்துதுன்னா, அடுத்த நாலு வருஷத்துக்கு உங்க டிபார்ட்மென்ட்ல எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது.

இதோட சேர்ந்த இன்னொரு சிக்கல், அப்பாவுக்குப் போன். எந்தப் பிரச்சினைன்னாலும் ‘உங்கப்பாவை வரச் சொல்லு’ங்கிறது கல்லூரிகளோட முதல் பதில். நிறைய அப்பாக்கள் நல்லவங்கதான். களை எடுத்துக்கிட்டு இருந்தவர் அப்படியே சேறு ஒட்டின காலோட ஓடி வந்து நிக்கிறதை நான் பார்த்திருக்கேன். ஆனா எல்லாத்துக்கும் அந்தப் போனைப் போட முடியாது. நம்ம பக்கத்து கடலூர் மாவட்டத்துல, விருத்தாசலம் பக்கம், 2003ல முருகேசன், கண்ணகினு ரெண்டு பேரைச் சாதிக்காகக் கொன்னாங்க. முருகேசன் இன்ஜினியரிங் படிச்சவர். அந்த வழக்குல உச்ச நீதிமன்றத்தோட முடிவு வர 2025 ஆச்சு. இது ஏதோ பழைய காலத்துக் கதை இல்லைன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஒரு பொண்ணோட அழுகைக்குப் பின்னாடி காதல், அதுவும் வேற சாதின்னு தெரிஞ்சா, ‘பேரன்ட்ஸ்கிட்ட சொல்லிடலாம்’னு நீங்க எடுக்கிற போன் அந்தப் பொண்ணோட உயிருக்கே ஆபத்தா முடியலாம். முதல்ல அந்தப் பொண்ணைக் கேளுங்க: ‘வீட்டுல தெரிஞ்சா உனக்கு என்ன ஆகும்?’ பதில்ல பயம் இருந்தா 181, இல்லைன்னா மாவட்ட காவல்துறை. இப்படிப்பட்டவங்களைப் பாதுகாக்க ஒவ்வொரு மாவட்டத்துலயும் தனிப் பிரிவு இருக்கணும்னு 2018லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. சாதி பார்க்கிறது ஸ்டாஃப் ரூமுக்குள்ளயும் இருக்கு, அதனால யார்கிட்ட சொல்றோம்கிறதையும் யோசிக்கணும். இதை ஒரு பாட்காஸ்ட்ல சொல்றதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்லாம விட முடியல.

‘இதுக்கு ஒரு ஆப் பண்ணலாமே தம்பி’ன்னு கேட்பீங்க. எல்லாரும் கேட்கிறாங்க. வேண்டாங்க. ஆப் பண்ணினா பாஸ்வேர்ட் மறந்துடும். ஒரு ஏ4 தாள் போதும். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் அட்டைக்குள்ள, ஆபீஸ் கவுன்டர்ல, பஸ் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, மெஸ் கதவுல ஒட்டுங்க. மேல சொன்ன அரசு நம்பர்கள் இடது பக்கம். வலது பக்கம் உங்க கல்லூரிக்கு மட்டும் உரியது: ஸ்காலர்ஷிப்புக்கு யார், எந்த அறை, எத்தனை மணி வரைக்கும் இருப்பார். புகார்க் குழுத் தலைவர் யார். ஆலோசகர் எந்தக் கிழமை வர்றார். பேரும் அறை எண்ணும் இல்லாத தாளை ஒட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை, ‘சம்பந்தப்பட்ட அலுவலரை அணுகவும்’னு ஒரு வரி இருந்தாலே கிழிச்சுப் போட்டுடலாம். கீழே ஒரு தேதி போடுங்க: ‘ஜூன் மாதம் சரிபார்த்தது’. சாஃப்ட்வேர்ல டாக்குமென்டேஷன் எழுதின மறுநாளே பழசாக ஆரம்பிச்சுடும். அந்த மாதிரி மேடம் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போயிருப்பாங்க, தாள்ல அவங்க பேரே இருக்கும். வருஷா வருஷம் ஒரு ஆள் எல்லா நம்பருக்கும் ஒரு தடவை போன் போட்டுப் பார்க்கணும்.

எப்ப கவனமா இருக்கணும்னு கேட்டா, உங்க காலண்டர்லயே இருக்கு. ஃபீஸ் கடைசி நாள், இன்டர்னல் மார்க், அரியர் ரிசல்ட், ஹால் டிக்கெட் வாரம், பிளேஸ்மென்ட்ல முக்கால்வாசிப் பேருக்கு வேலை கிடைச்சு மீதிப் பேர் மட்டும் நிக்கிற அந்த மாசம். அந்த வாரங்கள்ல டிரைவர் அண்ணன்கிட்டயும் மெஸ் அக்காகிட்டயும் ‘யாரையாவது காணோமா?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

மெயில் அனுப்பின மேடத்துக்கு நான் தனியா எழுதின பதில் ரெண்டே வரிதான். அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கே போன் பண்ணுங்க, ‘ஏன் வரல’ன்னு கேட்காம, ‘அன்னிக்கு நீ சொல்ல வந்ததை நான் முழுசாக் கேட்கல, நாளைக்கு வர்றியா, இல்ல நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரவா?’ன்னு கேளுங்க. போகும்போது உதவித்தொகை பார்க்கிறவரோட அறை எண்ணையும் 14416ஐயும் கையில எழுதிக்கிட்டுப் போங்க.

தாளோட மாதிரி ஒண்ணு தமிழ்ல ரெடி பண்ணியிருக்கேன். பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகள்ல வேலை பார்க்கிறவங்க கேட்டா அனுப்பி வைக்கிறேன், வலது பக்கம் காலியா இருக்கும், அதை நீங்கதான் நிரப்பணும். ஜெயங்கொண்டம் பக்கத்துல ஒரு ஹாஸ்டல் வார்டன் அக்கா அடுத்த வாரம் பேச ஒத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்குக் கேள்வி இருந்தா வியாழக்கிழமைக்குள்ள அனுப்புங்க.